ஒரே சம்பளம், வேறு வேறு ஒப்பந்தம்: வேலைக் கடிதத்தை வகுப்பில் படிப்போம்

ஐந்தாம் படிவ மாணவர்களிடம் வேலை தொடர்பான கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள்: "நிரந்தர வேலையே சிறந்தது. ஏனெனில் அதில் பாதுகாப்பு உண்டு. பகுதிநேர வேலையில் வருமானம் குறைவு. எனவே இளைஞர்கள் சிந்தித்துச் செயல்பட வேண்டும்." இலக்கணப் பிழை இல்லை. கருத்தும் தவறில்லை. ஆனால் எந்தப் பாதுகாப்பு, எவ்வளவு குறைவு, எதைச் சிந்திக்க வேண்டும் என்று கேட்டால் மாணவரிடம் பதில் இருக்காது. கருத்து விளக்கத்துக்கான புள்ளிகள் அங்கேதான் போய்விடுகின்றன.

புள்ளிகளை விடுங்கள். இதே பிள்ளைகள் தேர்வு முடிந்த மறுவாரமே கடைகளில், கிடங்குகளில், உணவகங்களில் வேலைக்குப் போய் நிற்கிறார்கள். "டீச்சர், மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல தர்றாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். "என்ன மாதிரி வேலைப்பா? கடிதம் குடுத்தாங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் தெரியல டீச்சர், நாளைக்கே வரச் சொன்னாங்க" என்பதுதான் பதில். ஆகவே இந்தக் கட்டுரையைத் தேர்வுக்கும் பயன்படுத்தலாம், தேர்வுக்குப் பிறகும் பயன்படுத்தலாம். இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை ஒட்டியவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன.

"ஒப்பந்தம்" என்ற சொல் செய்யும் குழப்பம்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பேச்சில் "ஒப்பந்த வேலை", "காண்ட்ராக்ட் வேலை" என்றால் நிரந்தர வேலைக்கு எதிர்ச்சொல். அதனால் நிரந்தர வேலையில் ஒப்பந்தமே கிடையாது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. நிரந்தர வேலைக்கும் அடிப்படை ஓர் ஒப்பந்தம்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தப் பணி ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், அதை எப்படி முடித்துக்கொள்வது என்பதும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாம் "ஒப்பந்த வேலை" என்று சொல்வதைத் "தவணை ஒப்பந்த வேலை" அல்லது "குறித்த கால ஒப்பந்த வேலை" என்று எழுதினால் குழப்பம் தீரும். கட்டுரையிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய கோடு ஒன்று உண்டு. மலாய் மொழியில் "கொன்ட்ராக் பெர்கிட்மாதான்" என்பது ஒன்று, "கொன்ட்ராக் உந்துக் பெர்கிட்மாதான்" என்பது இன்னொன்று. நடுவில் "உந்துக்" என்ற ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு சொல் ஒருவருக்குச் சேமநிதி, விடுப்பு, மிகைநேரப் பணம், சொக்சோ எல்லாம் கிடைக்குமா கிடைக்காதா என்பதையே மாற்றிவிடும். தமிழில் முதலாவதைப் பணி ஒப்பந்தம் என்றும் இரண்டாவதைச் சேவை வழங்கும் ஒப்பந்தம் என்றும் சொல்லலாம்.

வகுப்பில் நான் தையலை உதாரணம் காட்டுவேன். துணிக்கடையில் மாதச் சம்பளத்துக்குத் தைக்கும் அக்கா, கடை திறக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். மெஷின் முதலாளியுடையது. எதை முதலில் தைப்பது என்று முதலாளி சொல்வார். அது பணி ஒப்பந்தம். நம் தாமானில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா, சொந்த மெஷினில், தன் நேரத்துக்கு, பத்து வாடிக்கையாளர்களுக்குத் தைக்கிறார். தீபாவளிக்கு முன் முடியாது என்றால் "முடியாதும்மா" என்று சொல்லிவிடுவார். அது சேவை வழங்கும் ஒப்பந்தம். தைப்பது இருவரும்தான். ஆனால் ஒருவர் ஊழியர், மற்றவர் சுயதொழில் செய்பவர்.

சில முதலாளிகள் ஊழியரை வைத்துக்கொண்டே "நீ ஃப்ரீலான்ஸ்தான்" என்று சொல்லிவிடுவதும் உண்டு. சேமநிதி கட்ட வேண்டாம் அல்லவா! 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் இதைக் கவனிக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் இன்னொருவர் கட்டுப்படுத்துகிறாரா, கருவிகளை அவர் தருகிறாரா, அந்த வேலை அவருடைய தொழிலின் ஓர் அங்கமா, குறித்த இடைவெளியில் பணம் தரப்படுகிறதா, அந்தப் பணமே இவருடைய வருமானத்தின் பெரும்பகுதியா என்பவற்றைப் பார்த்து, ஆம் என்றால் இவரை ஊழியராகவே கருதலாம். பெயரை மாற்றி வைத்துவிட்டால் மட்டும் உறவு மாறிவிடாது.

நான்கு பேர், நான்கு கணக்கு

இப்போது நான்கு கற்பனைப் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். தொகைகள் எளிதாக வகுபடுவதற்காக நான் வைத்தவை. விதிகள் கற்பனை அல்ல.

கவிதா கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் நிரந்தரக் குமாஸ்தா. அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி. கடிதத்தைப் பார்த்ததும் அவள் அம்மா, "கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்பார். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது சுமார் 229 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ, வேலை காப்புறுதி ஆகியவற்றுக்குக் கொஞ்சம் போகும். கைக்கு வருவது ஏறக்குறைய 1,835. "இவ்வளவு பிடிக்கிறாங்களே" என்று வருத்தப்படுவார்கள். ஆனால் முதலாளியும் தன் பணத்திலிருந்து 13 விழுக்காடு, ஏறக்குறைய 271 வெள்ளி, அவள் சேமநிதிக் கணக்கில் போட வேண்டும் (சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் போனால் முதலாளி பங்கு 12 விழுக்காடு). ஆக அவள் பெயரில் மாதம் 500 வெள்ளி, வருடத்துக்கு 6,000 வெள்ளி சேர்கிறது. இது முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்க வேண்டும். "தகுதிகாண் காலம் முடியட்டும், அப்புறம் சேமநிதி கட்டுறோம்" என்று சொல்வது செல்லாது.

கவிதாவின் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. 2022 வரை இது 48 மணியாக இருந்தது. அதற்கு மேல் செய்தால் மிகைநேரம், நாம் சொல்லும் ஓ.டி. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவர்களுக்குச் சட்டப்படி இது உரிமை. கணக்கு எளிது: 2,080ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 80 வெள்ளி. அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 10 வெள்ளி. சாதாரண நாளில் ஓ.டி. ஒன்றரை மடங்கு, அதாவது 15 வெள்ளி. வார ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு, 20 வெள்ளி. பொது விடுமுறையில் வழக்கமான நேரத்தைத் தாண்டினால் மூன்று மடங்கு, 30 வெள்ளி. இந்த 26ஐ நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30ஆல் வகுத்து ஓ.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

விடுப்பைப் பார்ப்போம். முதல் இரண்டு வருடம் முடியும்வரை வருடத்துக்கு 8 நாள் ஆண்டு விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 12, ஐந்து வருடத்துக்கு மேல் 16. மருத்துவ விடுப்பு முறையே 14, 18, 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் தனியாக 60 நாள் வரை. மகப்பேறு விடுப்பு 98 நாள். தந்தைக்கு 7 நாள். பொது விடுமுறை 11 நாள்.

இந்த 11 நாளில் நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறை அரசிதழில் வெளியான விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து முன்கூட்டியே அறிவிக்கலாம். அப்படியானால் தீபாவளி? பெரும்பாலான நிறுவனங்கள் அந்த ஆறில் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும் ஐந்தில் அது இல்லை. வேலையில் சேரும்போதே விடுமுறைப் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தீபாவளிக்கு முதல் நாள் கேட்டுப் பயனில்லை.

அடுத்து ஷாலினி. கவிதாவின் அதே கிடங்கு, அதே மேசை வரிசை, ஆனால் ஒரு வருடத் தவணை ஒப்பந்தம். சம்பளம் 2,300. பார்த்தால் ஷாலினிக்கே லாபம் போலத் தெரியும். சேமநிதி, சொக்சோ, விடுப்பு, ஓ.டி. எல்லாம் இவளுக்கும் உண்டு. தவணை ஒப்பந்தம் என்றால் இவை கிடையாது என்று மாணவர்கள் எழுதுவது தவறு. அதைத் திருத்துங்கள். வித்தியாசம் முடிவில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் நாளில் வேலையும் முடிகிறது. வருடக் கணக்கில் ஷாலினிக்கு 27,600, கவிதாவுக்கு 24,960. வித்தியாசம் 2,640. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அடுத்த வேலை கிடைக்க ஒரு மாதம் கொஞ்சம் கூடுதலாக ஆனாலே அந்த லாபம் காணாமல் போய்விடும். வங்கியில் கார்க் கடன் கேட்டால் "ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்ற கேள்வியும் வரும். வேலை விட்டு வேலை மாறினால் பணிக்காலமும் முதலிலிருந்து தொடங்கும். 12 நாள், 16 நாள் விடுப்பை அவள் பார்ப்பதற்குள் வருடங்கள் போய்விடும்.

ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டே போகும் ஒப்பந்தம் உண்மையில் தவணை ஒப்பந்தம்தானா? இதைப் பற்றி 2020இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், இரு தரப்பின் நோக்கம் என்ன, முதலாளி எப்படி நடந்துகொண்டார், வேலையின் தன்மை என்ன என்பதையும் பார்த்து, அது நிஜமான தவணை ஒப்பந்தமா அல்லது நிரந்தர வேலைக்குப் போட்ட வேடமா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே பத்து வருடம் புதுப்பிக்கப்பட்ட ஒருவர் கேள்வி கேட்க வழியே இல்லை என்று எண்ண வேண்டாம்.

இந்த வேறுபாட்டை நாடே பார்த்த உதாரணம் ஒப்பந்த மருத்துவர்கள். 2016 இறுதியிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். நிரந்தர மருத்துவர்கள் செய்யும் அதே வேலை, அதே வார்டு, அதே இரவுப் பணி. ஆனால் பதவி உயர்வு, சிறப்புத் துறைப் படிப்புக்கான வாய்ப்பு, ஒப்பந்தம் முடிந்த பிறகு இடம் உண்டா என்பதில் பெரிய வேறுபாடு. கோவிட் காலத்தில், 2021 ஜூலை 26ஆம் நாள், அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து அமைதியாக எதிர்ப்பைக் காட்டினார்கள். அதன் பிறகே படிப்படியாகச் சில மாற்றங்கள் வந்தன. பிள்ளையை டாக்டராக்கிவிட்டால் வாழ்க்கை செட்டிலாகிவிடும் என்று நம்பும் நம் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் கட்டுரையில் இந்த ஒரு சான்றைச் சரியாக எழுதினாலே போதும், "பாதுகாப்பு இல்லை" என்ற வெறும் வரிக்கு உயிர் வந்துவிடும்.

மூன்றாவது தினேஷ். எஸ்.பி.எம். எழுதி முடித்திருக்கிறான், வயது 17. தாமான் முனையில் ஓர் உணவகத்தில் "பகுதிநேர வேலை, மாலை 5 முதல் இரவு 11 வரை, வாரம் ஆறு நாள், மணிக்கு 8 வெள்ளி" என்று அட்டை தொங்குகிறது. இந்த ஒரே அட்டையில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, "எங்கே தப்பு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று கேட்டால் நல்ல பாடமாக அமையும்.

மணிச் சம்பளம் முதலாவது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. ஐந்துக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் சிறிய முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல். மணிக் கணக்கில் இது 8 வெள்ளி 72 காசு. தினேஷ் வாரம் 36 மணி நேரம் உழைத்தால், 72 காசு வீதம் வாரத்துக்கு 25 வெள்ளி 92 காசு, மாதத்துக்கு 112 வெள்ளி இழக்கிறான். காசு கணக்கு என்று விட்டுவிட்டால் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றும் பணம் போய்விட்டது.

இரண்டாவது, "பகுதிநேரம்" என்ற பெயர். 2010ஆம் ஆண்டுப் பகுதிநேர ஊழியர் விதிமுறைகளின்படி, அதே இடத்தில் அதே மாதிரி வேலை செய்யும் முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காடு வரை வேலை செய்பவரே பகுதிநேர ஊழியர். முழுநேரம் 45 மணி என்றால் 70 விழுக்காடு என்பது 31 மணி 30 நிமிடம். 36 மணி நேரம் அதைத் தாண்டிவிட்டது. தினேஷ் முழுநேர ஊழியருக்குரிய விடுப்பையும் மற்ற உரிமைகளையும் கேட்கலாம். உண்மையிலேயே பகுதிநேரமாக இருப்பவருக்கும் விடுப்பு, மருத்துவ விடுப்பு, சேமநிதி எல்லாம் உண்டு. நாள்கள்தான் குறையும். "பார்ட் டைம்தானே, உனக்கு எதுக்கு இபிஎஃப்?" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

மூன்றாவது வயது. 1966ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் இளையோர். சில விதிவிலக்குகள் தவிர, இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அவர்களை வேலை வாங்கக் கூடாது. நம் பிள்ளைகள் இரவு 11 மணிக்கு மேசை துடைத்துக்கொண்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம், தே தாரிக்கும் கேட்டு வாங்கியிருக்கிறோம். பெற்றோர் சந்திப்பில் இதைப் பேசலாம் என்பது என் கருத்து.

கடைசியாக ரூபன், மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம். "டீச்சர், மாசம் 2,700 எடுக்கிறேன்" என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். கவிதாவைவிட 620 வெள்ளி அதிகம். ஆனால் 2,700 வருமானம் அல்ல, வரவு. எண்ணெய்க்கு 350, மோட்டார் சைக்கிள் தவணைக்கு 280, சர்வீசுக்கும் டயருக்கும் 120, கைப்பேசிக்கு 50, காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் மாதம் 40 என்று வைத்தால் 840 போய்விடும். மீதி 1,860. அதற்கு அவன் உழைத்த நேரம் நாளுக்கு 10 மணி வீதம் 26 நாள், அதாவது 260 மணி நேரம். மணிக்கு 7 வெள்ளி 15 காசு. கவிதாவின் 2,080ஐ மாதச் சராசரி 195 மணி நேரத்தால் வகுத்தால் 10 வெள்ளி 67 காசு வருகிறது. கவிதாவுக்கும் வேலைக்குப் போய்வரும் செலவு உண்டு என்பது உண்மைதான், அதைக் கழித்தாலும் இடைவெளி மூடாது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஊழியர்களுக்கு உரியது. சுயதொழில் செய்பவராக எண்ணப்படும் ரூபன் அதைக் காட்டிக் கேட்க முடியாது.

இன்னொன்று. கவிதாவின் 8 நாள் விடுப்பும் 11 பொது விடுமுறையும் சேர்ந்து 19 நாள். அந்த 19 நாளுக்கும் சேர்த்து 1,520 வெள்ளி அவள் சம்பளத்திலேயே அடங்கியிருக்கிறது. ரூபன் அதே 19 நாள் வீட்டில் இருந்தால் ஏறக்குறைய 1,970 வெள்ளி வரவே வராது. காய்ச்சல் வந்தாலும் அதே கதைதான்.

ஆனாலும் ரூபனைக் குறை சொல்லி எழுத வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டுமா, அன்று காலை செயலியைத் திறக்காமல் இருந்துவிடலாம். மாலையில் கல்லூரி போகிறவனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடைப்பது கடினம். சுறுசுறுப்பாக, நல்ல இடத்தில் ஓடுகிறவர்கள் இதைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2017இல் சுயதொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி, மின்னழைப்பு வாகன ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கியது அது. 2025இல் கிக் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவர்களுக்கான சேவை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும், தகராறு வந்தால் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது, சமூகப் பாதுகாப்பு எப்படி என்பவற்றை அது பேசுகிறது. ஆக "கிக் தொழிலாளருக்கு எந்தச் சட்டமும் இல்லை" என்ற பழைய வரியை இனி எழுத வேண்டாம். சேமநிதிக் கணக்கிலும் அவர்கள் விரும்பிப் பணம் போடலாம். ஆனால் முதலாளி பங்கு என்று ஒன்று அங்கே கிடையாது. போட்டால்தான் உண்டு.

கூலி, சம்பளம், ஊதியம்

இது தமிழ்ப் பாட வளம் என்பதால் சொற்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுப்போம். நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் "சம்பளம்" என்பதைவிடக் "கூலி" என்ற சொல்லே முன்னால் நின்றது. காரணம் ஒப்பந்த முறைதான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தவருக்கு அன்றைய நாள் கணக்கு. விடாமல் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலியும் இல்லை. அதனால்தான் தோட்டத் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வளவு காலம் ஒலித்தது. 2013இல் நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. மழைநாளில் கூலி போன தாத்தாவையும், மழைநாளில் ஓடினால்தான் வரவு என்று நனையும் பேரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரைக்கு நல்ல ஒப்பீடு கிடைக்கும், வீட்டில் பாட்டியிடம் பேசவும் ஒரு காரணம் கிடைக்கும்.

எழுத்தில் கூலி என்பதை நாள் கணக்கு, துண்டு வேலைக் கணக்குக்கும், சம்பளம் என்பதை மாதத் தொகைக்கும், ஊதியம் என்பதைப் பொதுச் சொல்லாகவும் பயன்படுத்தலாம். "படி" என்றால் அலவன்ஸ். "பணிநீக்கம்" முதலாளி நீக்குவது, "பணிவிலகல்" தானே விலகுவது, "ஆட்குறைப்பு" தொழிலில் நலிவு வந்து ஆள்களைக் குறைப்பது. இந்த மூன்றையும் மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும். உரிமையும் மாறிவிடும். ஆட்குறைப்பில் இழப்பீடு உண்டு. தானே விலகினால் கிடையாது. காரணமின்றி நீக்கிவிட்டார்கள் என்று கருதும் ஊழியர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். "நீயே விலகல் கடிதம் எழுதிக் குடுத்துடு" என்று ஏன் சிலர் வற்புறுத்துகிறார்கள் என்பது இப்போது புரியும்.

கடிதத்தில் எங்கே பார்ப்பது

முன்னாள் மாணவி ஒருத்தி தன் வேலைக் கடிதத்தை எடுத்து வந்து காட்டினாள். "மொத்தம் 2,000 டீச்சர்." உள்ளே பார்த்தால் அடிப்படை 1,500, வருகைப் படி 300, உணவுப் படி 200. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று வந்த பிறகு எழுதிய கடிதம் அது. படிகளைச் சேர்த்துக் குறைந்தபட்சத்தைத் தொட முடியாது, அடிப்படைச் சம்பளமே 1,700 இருக்க வேண்டும். ஒரு நாள் எம்.சி. எடுத்ததற்கு அந்த மாத வருகைப் படி 300 வெள்ளியும் போய்விட்டதாம். ஆகவே மொத்தத் தொகையைப் பார்க்கும் கண், அடுத்து அடிப்படை என்ற வரிக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகு வேலை நேரமும் ஓய்வு நாளும். பிறகு முன்னறிவிப்புக் காலம். கடிதத்தில் எதுவும் இல்லையென்றால் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். "நீ போனால் இரண்டு மாதம், நாங்கள் அனுப்பினால் ஒரு வாரம்" என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். சம்பள நாளையும் பாருங்கள்: சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும்.

எழுதும்போது

பொதுவான வரியை எண்ணும் காரணமும் உள்ள வரியாக மாற்றுவதுதான் பயிற்சி. "பகுதிநேர வேலையில் வருமானம் குறைவு" என்பதை இப்படி வளர்க்கலாம்:

"உணவு விநியோகத்தில் ஈடுபடும் இளைஞர் ஒருவர் மாதம் 2,700 ரிங்கிட் ஈட்டினாலும், எரிபொருள், வாகனத் தவணை போன்ற செலவுகளை அவரே ஏற்க வேண்டியுள்ளது. நிரந்தர ஊழியரின் சேமநிதிக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்துகிறார். விநியோகத் தொழிலாளிக்கோ அத்தகைய பங்களிப்பு இல்லை. ஆயினும், தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு நிரந்தர ஊழியருக்கு அரிது. எனவே, உயர்கல்வியைத் தொடர்ந்துகொண்டே உழைக்க விரும்புவோருக்கு இத்தொழில் ஏற்றதாக அமையலாம்."

ஒப்பீட்டைத் தாங்குவது "இருப்பினும்", "ஆயினும்", ஓகாரம், "அதே வேளையில்" போன்றவை. "விநியோகத் தொழிலாளிக்கோ" என்ற அந்த ஓகாரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தை ஓர் எழுத்து பிரித்துக் காட்டிவிடுகிறது. பேச்சில் "வெள்ளி" என்று சொல்லலாம், தேர்வில் "ரிங்கிட்" என்று எழுதுங்கள்.

நடவடிக்கைக்கு இரண்டு பாட வேளை போதும். குழுவுக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, ஒரு வருடக் கணக்கைப் போட்டு வரச் சொல்லுங்கள். கைக்கு வந்தது, சேமநிதியில் சேர்ந்தது, செலவானது, விடுப்பில் கழிந்தது என்று நான்கு கட்டம். பிறகு ரூபனுக்கு விபத்து நடந்து இரண்டு மாதம் படுத்துவிட்டதாகவும், ஷாலினியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றும் சொல்லிக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள். விவாதம் தானாகவே சூடு பிடிக்கும். "அப்ப எந்த வேலைதான் டீச்சர் நல்லது?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பதிலை நாம் சொல்லத் தேவையில்லை. அவரவர் வீட்டுச் சூழலை வைத்து அவர்களே எழுதட்டும். மதிப்பிட வேண்டியது காரணத்தை.

வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்: கடிதத்தையும் ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது, வந்த நேரம் போன நேரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது. பிரச்சினை என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.